கொடையும் நிபந்தனையும்: ஒரு தர்மாஸ்பத்திரியின் வரவுசெலவு

1

சில வருஷங்களுக்கு முன் அம்மா தெற்கே ஓர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் படுத்திருந்தாள். ஈரல் வீக்கம். காலையில் பேராசிரியர் வருவார். பின்னாலேயே பதினைந்து மாணவர்கள். சேலையை விலக்கி வயிற்றைக் காட்டி, "ஒவ்வொருத்தரா வந்து அமுக்கிப் பாருங்க" என்பார். பதினைந்து ஜோடிக் கைகள். பேச்செல்லாம் இங்கிலீஷில். அம்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். சாயங்காலம் அதைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். "படிக்கிற பிள்ளைக. நம்ம உடம்புல பாத்துப் படிச்சாத்தானய்யா நாளைக்கு இன்னொருத்திக்கு வைத்தியம் பாக்கும்?" கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானே சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அரசு ஆஸ்பத்திரியை இன்னும் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். வரிப்பணத்தில் நடப்பது அது. இருந்தாலும் பெயரில் தர்மம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தர்மம் என்று ஆகிவிட்டால் வாங்குகிறவருக்குப் பேச்சு கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. அம்மா கேட்ட 'ஒரு வார்த்தை' அந்த இடத்தில் அதிகப்பிரசங்கித்தனமாகி விடுகிறது.

கொடைக்கும் மருத்துவக் கல்விக்கும் உள்ள இந்த உறவை அதன் முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால் பால்டிமோருக்குத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், போதனா வார்டு, தனியார் அறக்கொடை ஆகிய நான்கையும் ஒரே கட்டுமானமாக இணைத்து அமெரிக்கா முழுமைக்கும் முன்மாதிரி ஆனது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. அதன் வரலாற்றை 'வள்ளல் புராணமாக' வாசிப்பது ஒரு முறை. 'முதலாளியின் பகல்வேஷம்' என்று தள்ளிவிடுவது நம் தோழர்களுக்குப் பழக்கமான இன்னொரு முறை. இரண்டிலும் கொடுத்தவர் ஒருவர்தான் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. எனக்கு அந்த முடிவின்மேல்தான் சந்தேகம்.

2

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1795இல் மேரிலாந்தில் ஒரு புகையிலைப் பண்ணையில் பிறந்தவர். குவேக்கர் குடும்பம். மொத்த வியாபாரம், வங்கி, பிறகு பால்டிமோர்-ஒகாயோ ரயில்வே கம்பெனிப் பங்குகள் என்று சேர்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1873 டிசம்பரில் இறந்தபோது 70 லட்சம் டாலரைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரிபாதியாக எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய தொகையைத் தர்மத்துக்கு எழுதியதில்லை.

அந்த வருஷம் மார்ச்சில் அறங்காவலர்களுக்கு அவர் எழுதிய கடிதம் முக்கியமான ஆவணம். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஏழை நோயாளிகளை ஆண், பெண், வயது, நிறம் என்று பாராமல் இலவசமாகச் சேர்க்க வேண்டும். கறுப்பினக் குழந்தைகளுக்கு ஓர் அநாதை இல்லம் வேண்டும். தாதிமார்க்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து எட்டே வருஷம் ஆன ஒரு நகரத்தில் 'நிறம் பாராமல்' என்று எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஹாப்கின்ஸ் அடிமை முறையை எதிர்த்தவர், அவர் தகப்பனாரே அடிமைகளை விடுதலை செய்தவர் என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2020 டிசம்பரில் பல்கலைக்கழகமே வேறொரு செய்தியை வெளியிட்டது. 1840ஆம் வருஷக் குடிக்கணக்கில் அவர் வீட்டில் ஓர் அடிமை, 1850இல் நான்கு பேர். இந்தப் பதிவை எப்படி வாசிப்பது என்று மறுத்து எழுதியவர்களும் உண்டு. கடிதம் எழுதிய கையும் கணக்கில் ஏறிய கையும் ஒன்றாக இருக்கலாம் என்பதில் எனக்கு வியப்பில்லை. கொடை ஒரு மனிதரின் நற்குணச் சான்றிதழ் என்று நம்பினால்தான் அந்தச் செய்தி இடியாக இறங்கும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் அந்த ரயில்வே கம்பெனியின் பங்குகள். அவற்றை விற்கவேண்டாம் என்று உயிலில் யோசனையும் சொல்லியிருந்தார். 1876இல் பல்கலைக்கழகம் திறந்தது. 1877 ஜூலையில் அதே கம்பெனி தொழிலாளர் கூலியில் நூற்றுக்குப் பத்தை வெட்டியது. வேலைநிறுத்தம் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. பால்டிமோர் தெருக்களில் படையினர் சுட்டதில் குறைந்தது பத்துப் பேர் செத்தார்கள். வெட்டப்பட்ட அந்தக் கூலியும் கல்விக்கொடைக்குள் போய்ச் சேர்ந்ததுதான். நன்றிக் கல்வெட்டில் அதற்கு இடமில்லை.

3

ஆஸ்பத்திரி 1889 மே மாதம் திறந்தது. மருத்துவக் கல்லூரி திறக்கவில்லை. ரயில்வே பங்குகளின் ஈவு நின்றுபோய்ப் பல்கலைக்கழகத்தின் கையில் காசில்லை. செத்தவரின் யோசனை உயிரோடிருந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

இந்த இடத்தில் அறங்காவலர்களின் மகள்மார் உள்ளே வருகிறார்கள். மார்த்தா கேரி தாமஸ், மேரி எலிசபெத் காரெட், அவர்களின் தோழியர். 1890இல் பல நகரங்களில் பெண்கள் குழுக்கள் அமைத்து 1,00,000 டாலர் திரட்டிக்கொண்டு வந்து ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஆண்களைச் சேர்க்கும் அதே தகுதியில் பெண்களையும் மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். அறங்காவலர்கள் நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு, ஆனால் 5,00,000 டாலர் சேர்ந்தால்தான் கல்லூரி திறக்கும் என்றார்கள். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. 1892 டிசம்பரில் மேரி காரெட் மிச்சம் 3,06,977 டாலரைத் தாமே கொடுத்தார். கூடவே நிபந்தனைகளும் ஏறின. சேருகிறவர் பட்டதாரியாக இருக்க வேண்டும், அறிவியல் படித்திருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிய வேண்டும். இதில் எதை மீறினாலும் பணம் என்னிடம் திரும்ப வேண்டும் என்றும் எழுதி வைத்தார். 'நல்லவேளை, நாம் பேராசிரியர்களாக உள்ளே வந்துவிட்டோம். மாணவர்களாக வந்திருந்தால் இடம் கிடைத்திருக்காது' என்று வில்லியம் ஆஸ்லர் சகபேராசிரியர் வெல்ச்சிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1893இல் சேர்ந்த முதல் வகுப்பின் 18 பேரில் 3 பேர் பெண்கள்.

அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரம் உயர்ந்தது இங்கிருந்துதான் என்று சொல்வதில் பெரிய தவறில்லை. ஒரு பெண்ணின் பிடிவாதம் அது. தகப்பனார் காலத்தில் அவருக்குச் செயலாளர் மாதிரி வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டவர் இந்த மேரி. தகப்பனார் யார்? ஜான் காரெட், 1877இல் கூலியை வெட்டிய அதே ரயில்வே கம்பெனியின் தலைவர்.

இதை வைத்து மேரி காரெட்டைத் தள்ளிவிட நான் தயாரில்லை. அவர் செய்ததில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கொடையின் அதிகாரம் தொகையில் இல்லை, தொகையோடு கட்டி அனுப்பும் நிபந்தனையில் இருக்கிறது. ஹாப்கின்ஸும் நிபந்தனை வைத்தார். ஆனால் அவர் செத்துப் போனார். கேட்க ஆளில்லாத நிபந்தனையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றி, அர்த்தத்தைக் கழற்றிவிடலாம். 'நிறம் பாராமல்' சேர்த்தார்கள். சேர்த்துத் தனி வார்டில் போட்டார்கள். கறுப்புக் குழந்தைகளின் அநாதை இல்லம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே மூடப்பட்டது. மேரியின் நிபந்தனையிலும் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. இந்த மருத்துவக் கல்லூரியின் முதல் கறுப்பினப் பட்டதாரிகள் இரண்டு பேர் வெளியே வந்தது 1967இல். கொடுப்பவர் கண்ணுக்கு யார் தெரிகிறார்களோ அவர்களுக்குத்தான் நிபந்தனை காவல் நிற்கும்.

4

ஆஸ்லர் மாணவர்களை வகுப்பறையிலிருந்து வார்டுக்கு அழைத்துப் போனார். நோயாளியின் கட்டிலே பாடப்புத்தகம். மாணவருக்கு வார்டிலேயே பொறுப்பு, பட்டம் வாங்கியவருக்கு ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிற்சி. இன்று உலகம் பூராவும் நடக்கும் முறை இது. தன் கல்லறையில் எழுதுவதானால், மாணவர்களுக்கு வார்டில் வைத்துக் கற்பித்தேன் என்று எழுதினால் போதும் என்பது அவருடைய விருப்பம்.

இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபூக்கோவை நிறுத்த வேண்டும். 1963இல் வெளிவந்த 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து ஆஸ்பத்திரியை வைத்து அவர் காட்டுவது இது: பணக்காரர் ஏழையின் சிகிச்சைக்குப் பணம் தருகிறார். ஏழையின் உடல் பார்வைக்குக் கிடைக்கிறது. பார்வை அறிவாகிறது. அந்த அறிவு நாளை பணக்காரர் நோயில் விழும்போது அவருக்கு உதவுகிறது. தர்மம் போட்ட முதல் வட்டியோடு திரும்புகிறது. கையெழுத்தில்லாத ஒப்பந்தம். ஒரு தரப்புக்கு அது ஒப்பந்தம் என்பதே தெரியாது.

மார்செல் மோஸ் 1925இல் 'கொடை' பற்றி எழுதியதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். இனாம் என்று உலகில் எதுவுமில்லை; கொடுத்தால் வாங்க வேண்டும், வாங்கினால் திருப்ப வேண்டும்; திருப்ப முடியாதவர் கொடுத்தவருக்குக் கீழே போய்விடுகிறார். போதனா ஆஸ்பத்திரியின் சூட்சுமம் இதைவிட நுட்பமானது. இலவச வார்டு நோயாளி அன்றன்றைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வயிற்றைக் கொடுக்கிறார், ரத்தத்தைக் கொடுக்கிறார், சிலசமயம் செத்தபிறகு உடம்பையும் கொடுக்கிறார். அது வரவில் பதியப்படுவதில்லை. ஆகவே கடன்காரராகவே இருக்கிறார்.

பால்டிமோர்க் கறுப்பர்கள் இதைத் தம் மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். ராத்திரி டாக்டர்கள் வருவார்கள், தனியாகப் போகிறவரைப் பிடித்துக்கொண்டுபோய் அறுத்துப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்ட கதை. மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சுலபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறுப்பர்களின் புதைகுழிகளைத் தோண்டித்தான் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணம் போயிற்று என்பது தெரிந்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். ஆவணம் எழுத முடியாதவர்களின் வரலாறு பல இடங்களில் பேய்க்கதையாகத்தான் தங்கியிருக்கிறது.

5

1951 தொடக்கத்தில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயது 30. ஐந்து பிள்ளைகள். வர்ஜீனியாவின் புகையிலை வயல்களில் வளர்ந்தவர். கறுப்பர்களைச் சேர்க்கும் ஆஸ்பத்திரிகள் சொற்பமாக இருந்த நேரத்தில் இங்கே சேர்த்தார்கள். ஹாப்கின்ஸின் கடிதம் அந்த அளவுக்கு வேலை செய்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ரேடியம் வைக்கும்போது திசுவில் ஒரு துணுக்கை எடுத்து ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யாரிடமும் கேட்பதில்லை என்பது இப்போது சொல்லப்படும் சமாதானம், உண்மையும்கூட. அக்டோபர் 4ஆம் தேதி அவர் இறந்தார். திசு இறக்கவில்லை. உடம்புக்கு வெளியே ஓயாமல் பெருகிய முதல் மனித செல்வரிசை அது. அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹீலா' என்றார்கள். போலியோ தடுப்பூசிச் சோதனை தொடங்கிப் புற்றுநோய் ஆய்வுவரை அந்தச் செல்கள் இல்லாத ஆய்வுக்கூடம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: ஜார்ஜ் கை அந்தச் செல்களை விற்கவில்லை. கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பினார். காப்புரிமை வாங்கவில்லை. தாங்கள் அதில் காசு பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரி இன்றும் சொல்கிறது. பிற்பாடு கம்பெனிகள் பார்த்தன. ஆக, விஞ்ஞானத்தின் கொடைச் சரித்திரத்தில் ஜார்ஜ் கை கொடையாளி ஆகிறார். எடுத்தவர் வள்ளலாகிவிட்டார், கொடுத்தவருக்குத் தான் கொடுத்ததே தெரியாது. பத்திரிகைகளில் வந்த பெயரும் அவருடையதில்லை, 'ஹெலன் லேன்'. பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்தது 1973இல். சுடுகாட்டில் பெயர்க்கல் வைத்தது 2010இல்.

உழைப்பிலும் இதே கணக்குதான். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சை 1944 நவம்பரில் இங்கே நடந்தது. டாக்டர்கள் பிளாலக், டாசிக் பெயர்களில் அது உலகப் புகழ் பெற்றது. பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அதைச் செய்துசெய்து முறையைச் சரிப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பர். கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்த பணம் பொருளாதார வீழ்ச்சியில் போய்விட்டது. அன்றைய அறுவையின்போது பிளாலக்குக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தார். பிளாலக்கிடம் முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது பதவிப் பெயர் துப்புரவாளர். பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976இல்.

6

சமூகப் பயன் என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். எந்தச் சமூகத்துக்கு?

1910இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 155 மருத்துவக் கல்லூரிகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அளவுகோல் ஹாப்கின்ஸ். போலிக் கல்லூரிகள் பல ஒழிந்தன, அது நல்லது. கறுப்பர்களுக்கு இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். மற்ற ஐந்தும் 1923க்குள் மூடின. கறுப்பு டாக்டர்கள் வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, கறுப்பர்களின் தொற்று வெள்ளையருக்குப் பரவாதிருக்க வேண்டும் என்பது. ஹாப்கின்ஸுக்கோ 1913இல் ராக்ஃபெல்லர் பணம் 15 லட்சம் டாலர் வந்தது. ஓரிடத்தில் கொடை குவிந்தது. குவிந்த இடத்தின் தரம் மற்ற இடங்களைக் கழுத்தறுக்கும் கத்தியானது. ஆங்கே வெட்டுப்பட்ட சமூகம் எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கிழக்கு பால்டிமோர் காலப்போக்கில் ஏழைக் கறுப்பர்களின் பகுதியானது. 1990களில் ஹாப்கின்ஸோடு இணைந்த கென்னடி கிரீகர் நிறுவனம் வாடகை வீடுகளின் ஈயப் பெயின்ட் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. எவ்வளவு குறைந்த செலவில் ஈயத்தை நீக்கினால் போதும் என்பது கேள்வி. வெவ்வேறு அளவில் சுத்தம் செய்த வீடுகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் இருக்க, அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் ஈயத்தை அளந்தார்கள். நோக்கம் ஏழைகளுக்குப் பாதுகாப்பான வீடு என்பதுதான். 2001இல் மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடி, பழைய டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வோடு சேர்த்துப் பேசியது. நல்ல நோக்கம் எப்போதும் கேட்காமல் செய்யும் உரிமையைக் கூடவே கூட்டி வருகிறது.

அதே 2001வாக்கில் ஆஸ்பத்திரிக்கு வடக்கே 88 ஏக்கரைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. நகராட்சி, பல்கலைக்கழகம், அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்து. 700க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஆனால் இந்தமுறை அங்கிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள். வீட்டுக்கு என்ன விலை, எங்கே போவது, இடிக்கும்போது ஈயத்தூசி பறந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். இடிப்பதற்கு விதிமுறை வகுக்க வைத்தார்கள். இழப்பீட்டைக் கூட்ட வைத்தார்கள். திட்டத்தைத் தடுக்க முடியவில்லை. மேரி காரெட் பணத்தை வைத்துச் செய்ததை இவர்கள் பணமில்லாமல் செய்து பார்த்தார்கள்: நிபந்தனை வைத்தார்கள்.

7

2013 மார்ச்சில் ஜெர்மனியில் விஞ்ஞானிகள் ஹீலா செல்லின் மரபணு முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். மறுபடியும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் காலம் மாறியிருந்தது, குடும்பம் எதிர்த்தது. அந்த ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த மரபணுத் தகவல் வேண்டுமானால் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். குழுவில் லாக்ஸ் குடும்பத்தவர் இருவர் இருப்பார்கள். காசு ஒன்றும் கைமாறவில்லை. பத்து வருஷம் கழித்து 2023 ஆகஸ்டில், செல்களை விற்ற ஒரு கம்பெனி மீது போட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை வெளியே சொல்லப்படவில்லை. நடுவில் 2018இல் ஹென்றியெட்டா பெயரில் ஒரு கட்டடம் எழுப்பப்போவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

இந்த மூன்றில் எது பெரிது என்று நண்பர்களோடு வாதாடியிருக்கிறேன். காசுதான் என்றார் ஒருவர். பசித்தவர் சொல்வதை மறுக்க முடியாது. கட்டடம் என்றால் பெயர் நிற்கும் என்றார் இன்னொருவர். நான் அந்தக் குழுவின் இரண்டு நாற்காலிகளைச் சொல்வேன். 62 வருஷத்துக்குப் பிறகு, கொடுத்தவரின் ஆட்கள் முதன்முறையாகச் 'சரி' என்றோ 'கூடாது' என்றோ சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார்கள். அதுவரை ஹென்றியெட்டாவிடமிருந்து எடுக்கப்பட்டது இருந்தது; அன்றைக்குத்தான் அது கொடையாக ஆனது.

2024 ஜூலையில் மைக்கேல் புளூம்பெர்க் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 100 கோடி டாலர் கொடுத்தார். 3,00,000 டாலருக்குக் கீழே வருமானமுள்ள குடும்பத்து மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் கல்விக் கட்டணம் கிடையாது. நல்ல காரியம். கடன் சுமை இல்லாமல் டாக்டராகிறவர் ஏழைகள் இருக்கும் பக்கம் போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் கேட்பது வேறு. கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதைக் கொடுத்தவர் சொல்கிறார், சொல்ல முடிகிறது. அந்தக் கட்டடத்தின் கட்டில்களில் படுத்து, அந்த மாணவர்களுக்குத் தங்கள் உடம்பால் பாடம் நடத்தப்போகிற கிழக்கு பால்டிமோர்வாசிகள் என்ன சொல்ல முடியும்? அவர்களுடைய கொடைக்கு என்ன நிபந்தனை?

நம் பக்கத்தில் இலவச மருத்துவம் உரிமை என்று பேசுகிறோம். சரிதான். அது அரசின் தர்மமில்லை. ஆனால் உரிமை என்ற பேச்சு ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வார்டில் இன்னும் தர்மாஸ்பத்திரிதான் நடக்கிறது. மாணவர்கள் கற்க உடம்பு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நாளைக்கு நமக்கு டாக்டர் இல்லை. படுத்திருப்பவரை ஆசிரியர் என்று, கொடையாளி என்று பதிவேட்டில் ஏற்றுவதற்கு என்ன செய்ய வேண்டும்? பெரிய சட்டம்கூட முதலில் வேண்டாம். கையை வைக்கும் முன், நோயாளிக்குப் புரிகிற பாஷையில் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொன்னதற்காக வைத்தியம் குறையக்கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஒருத்திக்கு அது தெரிந்திருந்தது. கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய புகார்.